இரவல் மானிட்டர்

எங்கள் வீட்டில் மானிட்டர் கிடையாது. கேளம்பாக்கத்தில் நான்காவது மாடி, இரண்டு அறை, கிழக்கே பார்த்த ஒரு பால்கனி. அதற்குள் புதுசும் பழசுமாய்க் கணினிகள் அடைந்து கிடக்கின்றன. இணைய இணைப்புக் கொடுக்க வந்தவர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மானிட்டர் எங்கம்மா கீது?" என்று கேட்டார். "எதுக்கு?" என்றேன். எனக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. திரை என்பது என்னைப் பொறுத்தவரை மின்சாரம் தின்கிற, தூசு சேர்க்கிற ஒரு சாமான். மடிக்கணினியோடு ஒட்டிக்கொண்டே வருகிற திரையை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அப்படிப்பட்ட வீட்டில் போன வருஷம் ஒரு மானிட்டர் வந்து உட்கார்ந்தது. கீழ் வீட்டிலிருந்து இரவல் வாங்கியது. அது வந்த விதத்தையும் போன விதத்தையும் எழுதிவைக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் செய்யூர்ப் பக்கத்து ஆள். அப்பா, அம்மா இருவரும் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவர்கள், வேர்க்கடலை பிடுங்கியவர்கள். செங்கல்பட்டில் விடுதிப் பள்ளி ஒன்றில் தங்கிப் படித்து, கல்லூரி முடித்து, இந்தப் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். இதைச் சொன்னதும், "எவ்ளோ கஷ்டப்பட்டிருப்பீங்க" என்று ஆரம்பிப்பார்கள். கஷ்டம் எல்லாருக்கும்தான். எனக்கு நிரல் எழுத வரும், நன்றாகவே வரும். அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

என் வேலை கெர்னலில். பட்டனை அழுத்தியதும் கணினிக்குள் முதலில் எழுந்து, மற்ற எல்லாவற்றையும் எழுப்பி, அதனதன் இடத்தில் உட்காரவைக்கிற பகுதிதான் கெர்னல். உலகத்தில் பல ஊர்களில் இருப்பவர்கள் சேர்ந்து எழுதுகிற, யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தக்கூடிய ஒரு கெர்னல் இருக்கிறது. கம்பெனிக்காக அதில் கொஞ்சம் செய்கிறேன். எனக்காக இன்னும் கொஞ்சம் செய்கிறேன். எனக்காகச் செய்வதற்குச் சம்பளம் கிடையாது, ஆனால் எனக்குத் திமிர் இருப்பது அதில்தான்.

எனக்காகச் செய்வது ஒரு பழைய கார்டுக்காக. அந்தக் காலத்துக் கணினிப் பெட்டியைத் திறந்தால் உள்ளே நீளநீளமாகச் சில பள்ளங்கள் வரிசையாக இருக்கும். பெட்டியால் செய்ய முடியாத வேலை ஏதாவது வேண்டுமென்றால் அதற்கென்று ஒரு கார்டை வாங்கி அந்தப் பள்ளத்தில் அழுத்திச் செருகுவார்கள். என்னுடையது பேசுகிற கார்டு. எழுத்தை அனுப்பினால் அது வாய்விட்டுப் படிக்கும். நான் படித்த பள்ளி பழைய கணினிகளைக் கழித்துக் கட்டியபோது, பெட்டியோடு சேர்த்துக் கேட்டு வாங்கி வந்தேன். குரல் ஒன்றும் தேன் இல்லை. ஜலதோஷம் பிடித்த ஆள் தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும். ஆங்கிலம் மட்டும்தான் தெரியும் அதற்கு.

இந்தக் காலத்தில் கைப்பேசியே அழகாகப் படிக்கிறதே, இந்தத் தகரக் குரல் எதற்கு என்று தோன்றலாம். புதுக் கணினியில் படிக்கிற குரல் ஒரு மென்பொருள். கெர்னல் எழுந்து, ஒலிக்கான பகுதிகள் எழுந்து, கடைசியில்தான் அது எழும். நடுவழியில் கெர்னல் விழுந்துவிட்டால் குரலே பிறக்காது. என் வேலையோ கெர்னலை விழவைத்து, ஏன் விழுந்தது என்று பார்ப்பது. விழும்போது காரணத்தைத் திரையில் எழுதிவிட்டுத்தான் விழும். கண் உள்ளவர்கள் அதைப் படித்துவிட்டுத் திருத்தப் போய்விடுவார்கள். நான் யாரையாவது கூப்பிட வேண்டும்.

அலுவலகத்தில் ஒருமுறை அப்படி நின்றுபோன கணினியின் முன்னால் பக்கத்து இருக்கைக்காரரைக் கூப்பிட்டேன். நல்ல மனிதர். எட்டிப் பார்த்துவிட்டு, "ஏதோ எரர்னு போட்டிருக்கு மேடம்" என்றார். ஏதோ! முதல் வரியைப் படிக்கச் சொன்னேன், படித்தார். அடுத்த வரி அவருக்கு முக்கியமாகத் தோன்றவில்லை, தாண்டிவிட்டார். எனக்கு வேண்டியது அந்தத் தாண்டிய வரியில் இருந்தது. அன்றைக்கு வந்த ஆத்திரம் இன்னும் எனக்குள் அப்படியே இருக்கிறது. என் வேலையை அடுத்தவர் கண்ணில் பாதி விட்டுவிட்டுச் செய்கிற பிழைப்பு எனக்கு வேண்டாம்.

பேசுகிற கார்டுக்கு அந்தச் சிக்கல் இல்லை. குரல் கார்டுக்குள்ளேயே இருக்கிறது. கெர்னல் கண் விழித்த கொஞ்ச நேரத்திலேயே, "இங்கே இருக்கியா?" என்று அதைக் கேட்கும். கார்டு பதில் கொடுத்தால் அதிலிருந்து எல்லா வரியையும் அதற்கு அனுப்பும். விழுகிறபோது சொல்கிற கடைசி வரி வரைக்கும் அது எனக்குப் படித்துவிடும். எலி வளையானாலும் தனி வளை என்பார்களே, அது எனக்கு இந்தப் பெட்டி.

போன வருஷம் மழைக்காலத்துக்கு முன்பு, கெர்னலில் பேசும் கார்டுகளுக்கான பகுதிக்குப் பொறுப்பாளராக இருப்பவர், கெர்னல் எழுதுகிறவர்கள் குழுவுக்கு ஒரு மடல் எழுதினார். குளிர்தேசத்து ஆள். சுற்றி வளைக்காமல் எழுதுவார், எனக்குப் பிடிக்கும். பழைய கார்டுகளுக்கான நிரல் பழைய முறையில் எழுதப்பட்டு அப்படியே கிடக்கிறது, புது அமைப்புக்கு அது இடைஞ்சல். இந்தப் பேசும் கார்டை நிஜமாக யாராவது வைத்திருக்கிறீர்களா? வைத்திருந்தால் புது முறைக்கு மாற்றி, நிஜக் கார்டில் ஓடுவதைக் காட்டுங்கள். இல்லையென்றால் கெர்னலின் அடுத்த வெளியீட்டில் அந்த நிரலை எடுத்துவிடுகிறேன். இவ்வளவுதான் மடல்.

எடுத்துவிட்டால் என் கார்டு அன்றோடு ஊமை. பழைய கெர்னலை வைத்துக்கொண்டு ஓட்டலாம்தான், ஆனால் என் வேலை புதுக் கெர்னலைப் பார்ப்பது. நான் உடனே பதில் எழுதினேன். கார்டு என்னிடம் இருக்கிறது, தினமும் பேசுகிறது, புது முறைக்கு நானே மாற்றித் தருகிறேன், நீங்கள் நிம்மதியாக உங்கள் வேலையைப் பாருங்கள் என்று. கடைசி வாக்கியம் தேவையில்லாததுதான். ஆனால் எழுதும்போது சுகமாக இருந்தது.

மாற்றுகிற வேலை எனக்குக் கல்யாண விருந்து மாதிரி. இந்தக் காலத்துக் கார்டுகள் செருகியதும் தாங்களே பெயரும் ஊரும் சொல்லிக்கொள்ளும். அந்தக் காலத்துக் கார்டு வாயே திறக்காது. அது எந்த முகவரியில் இருக்கிறது என்பது அதன் மேலேயே இருக்கும் சில ஊசிகளைப் பொறுத்தது. எந்த இரண்டு ஊசிகளை ஒரு சின்னத் தொப்பி போட்டு இணைக்கிறோமோ, அதுதான் முகவரி. அந்தத் தொப்பிக்கு ஜம்பர் என்று பெயர். தொப்பி இடம் மாறினால் கார்டும் வீடு மாறியதாக அர்த்தம். கெர்னல் பழைய முகவரியில் போய்க் கேட்கும், பதில் வராது, ஆளில்லை என்று முடிவுகட்டி நகர்ந்துவிடும். அதை இன்னும் நாலு முகவரியில் போய்க் கேட்கச் சொல்லவும் முடியாது. அங்கே வேறு ஏதாவது கார்டு இருந்து, கேட்ட கேள்வியைத் தப்பாக எடுத்துக்கொண்டு பெட்டியையே நிறுத்திவிடும். இந்த மாதிரி முரண்டுகள் எல்லாம் எனக்கு அத்துப்படி. ஒவ்வொரு பகுதியாக எழுதி, ஒவ்வொன்றையும் ஓட்டிப் பார்த்து முடித்தேன். தகரக் குரல் புது முறையிலும் கணீரென்று பேசியது. கடைசிச் சோதனைகளை மட்டும் ஆயுதபூஜை விடுமுறை கழித்துச் செய்யலாம் என்று வைத்தேன்.

என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்பாக்கத்துக்குப் பணியாளர்களை ஏற்றிப் போகும் பஸ் ஒன்றை ஓட்டுகிறார். திருக்கழுக்குன்றத்துக்கு உள்ளே பயிர் வைக்கும் குடும்பம். நான் மாதா கோயிலுக்குப் போகிறவள், அவர் முருகனை விடாதவர், இரண்டு சாமிக்கும் எங்கள் வீட்டில் ஒரே அலமாரி. பேச்சில் அவரை 'நீ' என்றுதான் கூப்பிடுவேன். எழுத்தில் மட்டும் மரியாதை கொடுக்கிறேன், யாராவது படித்துக் காட்டினால் சந்தோஷப்படுவார்.

டிரைவர்களுக்கு ஆயுதபூஜைதான் தீபாவளி, பொங்கல் எல்லாம். பஸ்ஸைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, பூசணிக்காய் உடைத்துவிட்டு வருவார். வந்த வேகத்தில் வீட்டில் ஆரம்பிக்கும். மிக்ஸி, கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி, அரிவாள்மனை, என் மடிக்கணினி, ஒன்று பாக்கியில்லாமல் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்துவிட்டுத்தான் பொரி சாப்பிடுவார். நான் அந்த நேரத்தில் கொண்டைக்கடலை சுண்டலோடு ஒதுங்கிக்கொள்வேன். போன வருஷமும் அப்படித்தான் ஒதுங்கினேன்.

விடுமுறை முடிந்து, வேலைக்குக் கிளம்புவதற்கு முன் காலையில் பெட்டியைப் போட்டேன். விசிறி சுற்றியது. வட்டு முணுமுணுத்தது. குரல் வரவில்லை.

அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். மறுபடியும் ஊமை. சாயங்காலம் வந்து போட்டேன், அப்போதும் அப்படியே. நான் எழுதியதில்தான் தப்பு என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். கார்டைச் சந்தேகப்பட எனக்குத் தோன்றவில்லை. அது இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட என்னை ஏமாற்றியதில்லை.

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வந்து உச்சிவெயில் நேரத்தில் போட்டபோது, கார்டு ஒன்றுமே நடக்காத மாதிரி பேசியது. துள்ளிக் குதித்தேன். சாப்பிட்டுவிட்டு வந்து போட்டால் ஊமை. பேசினால் பேசுகிறது என்று எழுதலாம், பேசாவிட்டால் பேசவில்லை என்று எழுதலாம். நினைத்தால் பேசுகிறது என்று குழுவுக்கு எப்படி எழுதுவது? ஆனாலும் உள்ளதைத்தான் எழுதினேன். பொறுப்பாளரின் பதில் சுருக்கமாக வந்தது. உலகத்தில் இருக்கிற ஒரே கார்டும் சில நேரம்தான் ஓடுகிறது என்றால் அதை ஓடுவதாக எடுத்துக்கொள்ள முடியாது, வெளியீட்டுக்கு முன் முடிவு தெரிய வேண்டும். அவர் சொன்னது நியாயம். நியாயமாக இருந்ததால்தான் இன்னும் எரிந்தது.

ஊமையாக இருக்கும்போது கெர்னல் என்ன எழுதுகிறது என்று தெரிந்தாக வேண்டும். செய்திகளைக் கம்பி வழியாக மடிக்கணினிக்கு அனுப்ப ஒரு வழி உண்டு. ஆனால் அந்தப் பழைய பெட்டியில் கம்பி செருகுகிற வாய் உப்புக்காற்றில் எப்போதோ செத்துப்போயிருந்தது. வேறு வழியில்லை. கீழ் வீட்டில் கணினி விளையாட்டுப் பைத்தியம் ஒருவர் இருக்கிறார், அவரிடம் இரண்டு மானிட்டர் உண்டு. என் வீட்டுக்காரர் போய் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"எங்க வைக்கட்டும்?" என்றார்.

"எங்கயாச்சும் வை. எனுக்கு அது இருந்தா இன்னா, இல்லாட்டி இன்னா" என்றேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவர் பத்தாவது வரைக்கும் தமிழில் படித்தவர். ஆங்கில எழுத்துக்கள் தெரியும், சொற்கள் தெரியாது. திரைக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து எழுத்தெழுத்தாகச் சொல்ல ஆரம்பித்தார். "பி... ஆர்... ஓ... அப்புறம் ஒரு கோடு. படுத்த கோடு இல்ல, நின்ன கோடு. அய்யோ, மேல ஓடிச்சுமா. நிக்கவே மாட்டேங்குது."

"கைப்பேசியில போட்டோ புடி."

"புடிச்சேன். வெள்ளையாத்தான் கீது."

பஸ் ஓட்டிவிட்டு வந்த களைப்போடு, முதுகை நிமிர்த்தாமல், சாயங்காலம் சாயங்காலமாக உட்கார்ந்து படித்தார். ஒரு தடவைகூடச் சலித்துக்கொள்ளவில்லை. நான்தான் அவர் மேல் எரிந்து விழுந்தேன். ஓர் எழுத்து தவறினால் அர்த்தமே மாறிவிடும், தவறியதா இல்லையா என்று எனக்குத் தெரிய வழியில்லை. அவர் பாசமாகத்தான் படித்தார். ஆனால் பாசமாகப் படித்தாலும் படிக்கிறவர் அவர், காத்திருக்கிறவள் நான். அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. கார்டு போய்விட்டால் என் மிச்ச வாழ்க்கை இந்த ஸ்டூலுக்குப் பக்கத்தில்தான் என்று தோன்றியது. பயந்தேன், அதை இங்கே மறைக்கப்போவதில்லை.

ஒருவழியாக அவர் படித்ததில் ஒன்று மட்டும் உறுதியாகத் தெரிந்தது. கெர்னல் கேள்வி கேட்கிறது, அதற்குப் பதில் வரவில்லை. நான் எழுதிய கேள்வியை வரிவரியாகத் திருப்பிப் பார்த்தேன். தப்பு இல்லை. ஒருவேளை கார்டு விழிப்பதற்குள் கேட்டுவிடுகிறதோ என்று கொஞ்சம் பொறுத்துக் கேட்கவைத்தேன். மாற்றமில்லை.

அடுத்த விடுமுறை நாளில் இரண்டு பேரும் வீட்டில் இருந்தோம். உச்சிவேளையில் பெட்டியைப் போட்டேன். பேசியது. சரி, இந்தத் தடவை அணைக்கப்போவதில்லை, பேசுகிற வரைக்கும் பேசட்டும் என்று ஒரு நீளமான கோப்பைப் படிக்கக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். தகரக் குரல் படித்துக்கொண்டே இருந்தது. சாம்பார் கொதிக்கிற வாசனை வந்தது. பால்கனிக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. அப்புறம் கொஞ்ச நேரத்தில் ஒரு சொல்லின் நடுவிலேயே குரல் நின்றது.

"இப்ப இன்னா ஆச்சு?" என்று கத்தினேன்.

"ஒண்ணும் ஆவல" என்றார் சமையலறையிலிருந்து. "கதவு சாத்திக்கிச்சு. கடல்காத்து வந்துடுச்சு, அவ்ளோதான்."

கடல்காற்று. எங்கள் பக்கத்தில் வெயில் காய்கிற நாளில் உச்சிநேரம்தான் வறட்டு நேரம். அதற்கப்புறம் கோவளத்துப் பக்கமிருந்து காற்று ஏறும், ஈரமும் உப்புமாக. காலையில் ஊமை, உச்சியில் பேச்சு, பிற்பகலில் ஊமை. நிரலுக்கு வெயில் தெரியாது, காற்று தெரியாது. ஈரம் படுகிற இடம் ஒன்றே ஒன்றுதான் இருக்க முடியும், கார்டு.

மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியின் மூடியைக் கழற்றினேன். உள்ளே கையை விடுவதற்கு முன்பே மூக்குக்கு வந்துவிட்டது. சந்தனம். கண் தெரியாதவர்களுக்கு மூக்கு கூர்மை என்று யாரும் கிளம்ப வேண்டாம். ஜலதோஷம் இல்லாத யாருக்கும் வந்திருக்கும். விரலை வைத்தேன். கார்டின் மேல் பக்கத்தில், ஜம்பர் ஊசிகள் நிற்கிற இடத்தில், ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குக் காய்ந்த பொருக்கு. ஊசிகளின் இடுக்கெல்லாம் அப்பியிருந்தது. அதன் நடுவில் இன்னும் நைசாக ஒரு புள்ளி, குங்குமம்.

"இங்க வா" என்றேன்.

வந்தார்.

"இத நீயா வச்ச?"

"ஆமா" என்றார், பெருமையாக. "பூஜை அன்னிக்கு. டப்பா மேல வச்சா இன்னா பிரயோஜனம்? வேலை செய்யறது உள்ள தானே. நீதான் அன்னிக்கு என் விரலைப் புடிச்சு வச்சு, இதான் பேசறதுன்னு சொன்ன. அதுக்கோசரம் மூடியக் கழட்டி, அதுக்கே வச்சேன்."

சந்தனப் பொடியை எந்தத் தண்ணீரில் குழைத்தாய் என்று கேட்டேன். போர்த் தண்ணீர் என்றார், கேன் தண்ணீர் குடிக்கிறதுக்குத்தானே என்றார். எங்கள் அடுக்ககத்துப் போர்த் தண்ணீரில் உப்பே போடாமல் ரசம் வைக்கலாம். பொட்டு காய்ந்த பிறகும் அதிலிருந்த உப்பு ஊசிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தது. கடல்காற்றின் ஈரத்தை அது குடித்ததும் இணையக்கூடாத இரண்டு ஊசிகள் இணைந்தன, கார்டு வேறு முகவரிக்குப் போய்விட்டது. வெயிலில் உலர்ந்ததும் பழைய முகவரிக்குத் திரும்பி வந்து, நல்ல பிள்ளையாகப் பேசியது.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்த கதை. வாயில் வந்ததையெல்லாம் திட்டித் தீர்த்தேன். உனக்கு அறிவு இருக்கா, என் பிழைப்பில் மண்ணைப் போடப் பார்த்தியே, ஒரு வாரமாக நான் செத்துப் பிழைத்தேனே என்று. அவர் பால்கனிக்குப் போய் நின்றுகொண்டார். அங்கிருந்தே சொன்னார்.

"பஸ்ஸுக்கு வைக்கிறேன். மிக்ஸிக்கு வைக்கிறேன். உனுக்கு வாய் மாரி இருந்துகினு சோறு போடறது அது. அத்த மட்டும் எப்பிடிமா உட்டுட்டு வைப்பேன்?"

கோபம் இருக்கத்தான் இருந்தது. ஆனாலும் நான் இத்தனை வருஷமாக உலகத்துக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாததை, அந்த மனிதர் ஒரு பொட்டில் புரிந்துவைத்திருந்தார். வைத்த இடம்தான் தப்பு.

மருந்துக் கடையில் ஸ்பிரிட் வாங்கி வந்தார். பழைய பல்துலக்கியால் அவர் தேய்க்க, நான் ஊசி ஊசியாகத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தேன். "இங்க இன்னும் கீது" என்று நான் சொல்ல, அவர் மறுபடியும் தேய்த்தார். பொருக்கு முழுக்கப் போனதும், பால்கனியில் மறுநாள் வெயிலில் கார்டைக் காயவைத்தோம், வடகம் காயவைக்கிற தட்டில்.

குழுவுக்கு நடந்ததை அப்படியே எழுதினேன். நிரலில் பிழையில்லை, ஜம்பர் ஊசிகளில் சந்தனம் பூசப்பட்டிருந்தது என்று. பொறுப்பாளர், அது சூடு தணிக்கப் பூசுகிற பசையா, எந்த நிறுவனத்துடையது என்று கேட்டார். சூட்டுக்கும்தான் பூசுவோம், ஆனால் இது அதற்கில்லை, நமக்கு உழைக்கிற கருவிகளுக்கு வருஷத்துக்கொரு தரம் செய்கிற மரியாதை என்று எழுதினேன். அடுத்த வருஷமும் பூசுவீர்களா என்று கேட்டார். கட்டாயம், ஆனால் இனி மூடிக்கு மேல் என்றேன். அந்த மடலுக்கு மட்டும் உலகமெங்குமிருந்து ஏகப்பட்ட பேர் சிரித்துப் பதில் போட்டார்கள். அவர் சிரித்தாரா என்று தெரியாது. கடைசியாக ஒரு சோதனை கேட்டார். ஈரமான நேரத்தில் ஓட்டி, கெர்னலை வேண்டுமென்றே விழவைத்து, கடைசி வரி வரைக்கும் கார்டு படிக்கிறதா என்று பார்த்து எழுதச் சொன்னார். நான் கேட்க வேண்டியதையே அவர் கேட்டார்.

கடல்காற்று நன்றாக ஏறுகிறவரை காத்திருந்தேன். பால்கனிக் கதவை விரியத் திறந்து, திரும்பவும் சாத்திக்கொள்ளாமல் இருக்க எரிவாயு உருளையை முட்டுக்கொடுத்து வைத்தோம். ஜன்னல்களையும் திறந்தேன். கொடித் துணியெல்லாம் படபடத்தது. கார்டின் மேல் கையை வைத்துப் பார்த்தேன், லேசாகப் பிசுபிசுத்தது. அதே காற்றுதான், வரட்டும் என்று மூடியை மூடாமலேயே பெட்டியைப் போட்டேன்.

விசிறி சுற்றியது. வட்டு முணுமுணுத்தது. அப்புறம் தகரக் குரல், ஜலதோஷத்தோடு, முதல் வரியைப் படித்தது. இரண்டாவதைப் படித்தது. நான் விழவைக்கிற கட்டளையைக் கொடுத்தேன். கெர்னல் விழுந்தது. ஏன் விழுந்தேன், எந்த இடத்தில் விழுந்தேன், விழும்போது கையில் என்னென்ன வைத்திருந்தேன் என்று ஒரு வரி தாண்டாமல், ஓர் எழுத்து விடாமல், அவசரமே இல்லாமல் கார்டு கடைசிவரை படித்துவிட்டு நிறுத்தியது.

என் வீட்டுக்காரர் பழக்கதோஷத்தில் ஸ்டூலை இழுத்துப்போட்டு மானிட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "படிக்கட்டுமா?" என்று ஆரம்பித்தவர், நான் ஏற்கெனவே விசைப்பலகையில் தட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து நிறுத்தினார்.

"அது இன்னாமா சொல்லிச்சு?"

"கீழ உளுந்துட்டேன்னு சொல்லிச்சு. எங்க உளுந்தேன், ஏன் உளுந்தேன்னு அல்லாம் சொல்லிச்சு."

"யாராண்ட சொல்லிச்சு?"

"என்னாண்ட."

அவர் எழுந்தார். ஸ்டூலைச் சுவரோரம் தள்ளுகிற சத்தம் கேட்டது. நான் சோதனை முடிவைக் குழுவுக்கு அனுப்பினேன். அந்த வெளியீட்டிலேயே என் நிரல் சேர்ந்தது, அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் என் பேரில் வந்தது. அதெல்லாம் பிறகு. அன்றைக்கு மடலை அனுப்பி முடித்ததும், கையை நீட்டி மானிட்டரின் கம்பியைத் தேடிப் பிடித்துப் பிடுங்கினேன்.

"இத்த கீழ் வூட்ல குடுத்துட்டு வா."

"திரும்ப வேணும்னா?"

"வேணாம்."